மூன்று தொழில் பழகியவன் மோசம் போவானா?

"பையன் என்ன செய்கிறான்?"

கல்யாண வீட்டிலும் சந்தையிலும் பெற்றோரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான்.

"பாங்கியில் வேலை" என்றால் கேட்டவர் தலையை ஆட்டுவார். "வாத்தியார்" என்றால் சந்தோஷப்படுவார். "விஞ்ஞானம் படித்தான். பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனான். இப்போது அதையும் விட்டுவிட்டு, வீட்டில் இருந்தபடி பத்திரிகைகளுக்கு எழுதுகிறான்" என்று சொன்னால்?

"அடடா! நிலையில்லாத பிள்ளையாக இருக்கிறானே!" என்பார்.

பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் தலை குனிந்துவிடும். கடன் வாங்கிப் படிக்க வைத்த வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சண்டை வரும். பேச்சு நின்று போகும்.

அந்தப் பிள்ளை உண்மையில் நிலையில்லாதவனா?

தொழில் மாறுவது குற்றம் ஆகாது. கற்றதை எல்லாம் உதறிவிட்டு வெறுங்கையோடு மாறுவதுதான் குற்றம். இந்த வித்தியாசம் தெரிந்தால் பல வீடுகளில் சண்டை தீரும்.

அய்யலூர் விவசாயி

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் வழியில் அய்யலூர் இருக்கிறது. வியாழக்கிழமை தோறும் அங்கே ஆட்டுச் சந்தை கூடுகிறது. தீபாவளி நெருங்கினால் கால் வைக்க இடம் இருக்காது.

அந்தச் சந்தைக்கு ஆடு பிடித்து வரும் விவசாயியைப் பாருங்கள். அவர் செய்வது ஒரே தொழிலா?

மழை பெய்தால் ஏர் பூட்டுகிறார். சோளம் விதைக்கிறார். கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி போடுகிறார். மழை ஏமாற்றிவிட்டால் ஆட்டை நம்புகிறார். அதுவும் போதாவிட்டால் லாரி ஓட்டப் போகிறார்.

அவரை யாரும் நிலையில்லாதவர் என்று சொல்வதில்லை. "பிழைக்கத் தெரிந்தவர்" என்றுதான் சொல்கிறார்கள்!

இன்னொன்றையும் கவனியுங்கள். சோளத்தட்டை ஆட்டுக்குத் தீனி ஆகிறது. ஆட்டுக்கிடை போட்டால் நிலத்துக்கு எரு ஆகிறது. ஒரு தொழில் மற்றொரு தொழிலுக்கு உரம் போடுகிறது.

படித்த பிள்ளையின் தொழிலும் அப்படி இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டியது இல்லை.

ஸ்ரீரங்கத்துப் பையன்

அய்யலூரில் ரெயில் ஏறினால் திருச்சி. திருச்சிக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கம். அந்த ஊரில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர் ரங்கராஜன். பிறந்தது 1935-ம் ஆண்டு.

திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பவுதிகம் படித்தார். அது விஞ்ஞானம். பிறகு சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பின்னாளில் ஜனாதிபதி ஆன அப்துல் கலாம் படித்ததும் இதே இரண்டு கல்லூரிகளில்தான்.

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் உத்தியோகம். பிறகு பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் அரசு நிறுவனத்தில் எஞ்சினீயர். அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் பெரிய பொறுப்புக்கு உயர்ந்தார்.

இவ்வளவுக்கும் நடுவே அவர் கதை எழுதினார்! 'குமுதம்' பத்திரிகையில் ஏற்கனவே ரா.கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்தார். பெயர்க் குழப்பம் வரக்கூடாது என்று தன் மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் சுஜாதா.

தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு.

கையில் ஒரு எந்திரம்

தேர்தலில் பொத்தானை அமுக்கி ஓட்டுப் போடுகிறோம். 'பீப்' என்று சத்தம் கேட்கிறது. அந்த ஓட்டு எந்திரத்தை உருவாக்கியவை இரண்டு அரசு நிறுவனங்கள். அவற்றில் ஒன்று பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அங்கே அந்தப் பணியை மேற்பார்வை பார்த்தவர்களில் முக்கியமானவர் ரங்கராஜன். அதற்காக 'வாஸ்விக்' என்னும் விருது அவருக்குக் கிடைத்தது.

இந்தியாவில் ஓட்டு எந்திரம் முதன்முதலில் பயன்பட்டது 1982-ல். கேரளாவில் பரவூர் தொகுதியில் சில ஓட்டுச் சாவடிகளில் மட்டும் வைத்தார்கள். 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழகம் முழுவதும் வந்துவிட்டது. 2004-ல் நாடு முழுவதும் பாராளுமன்றத் தேர்தலே அதில்தான் நடந்தது.

காகிதச் சீட்டில் முத்திரை குத்திய அய்யலூர்ப் பாட்டியும் பொத்தானை அமுக்கப் பழகிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு எந்திரம் இருந்தால்தான் அது நடக்கும்.

அதே போல, கம்ப்யூட்டரைப் பார்த்திராத வீட்டுக்கும் புரியும்படி விஞ்ஞானத்தை எழுதினார் சுஜாதா. வாசகர்களின் கேள்விகளுக்கு 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற பகுதியில் பதில் சொன்னார். 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையில் ஜீனோ என்னும் எந்திர நாயைப் பேச வைத்தார். விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டு சென்றதற்காக 1993-ல் மத்திய அரசின் விருதும் பெற்றார்.

'ரோஜா', 'இந்தியன்', 'முதல்வன்' ஆகிய சினிமாப் படங்களுக்கு வசனம் எழுதினார். 2008-ல் அவர் காலமானார். எந்திர மனிதனைப் பற்றிய 'எந்திரன்' படம் 2010-ல் வெளிவந்தபோது அதிலும் அவர் எழுதிய வசனம் இருந்தது.

கல்லூரியில் படித்த பவுதிகம் தொழிற்சாலைக்குப் போனது. தொழிற்சாலையில் கற்றது கதைக்குள் வந்தது. கதையில் பழகிய பேச்சு சினிமாவுக்குப் போனது. எதுவும் வீண் போகவில்லை. சோளத்தட்டையும் ஆட்டு எருவும் போலத்தான்!

சம்பளத்தை விடவில்லை

இந்தக் கதையை வாலிபர்கள் பாதியோடு படித்துவிட்டு, "நானும் வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன்" என்று கிளம்பக்கூடாது.

சுஜாதா எழுதத் தொடங்கியதும் ராஜினாமாக் கடிதம் கொடுக்கவில்லை. பகலில் உத்தியோகம் பார்த்தார். மிச்ச நேரத்தில் எழுதினார். அவருடைய முதல் தொடர்கதை 'நைலான் கயிறு' 1968-ல் வந்தது. புகழ் வந்த பிறகும் ஓய்வு பெறும் வரை அவர் சம்பளக்காரராகவே இருந்தார். மாதச் சம்பளம் வீட்டைக் காத்தது. வீடு நிம்மதியாக இருந்ததால் பேனா ஓடியது.

எழுத்தை நம்பிப் பிழைப்பவருக்கு ஒன்றாம் தேதி என்று ஒரு தேதி கிடையாது. எழுதிய அளவுக்குத்தான் கூலி. ஒரு மாதம் வரும். ஒரு மாதம் வராது. காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானமும் படுத்துவிடும். ஓய்வூதியமும் இல்லை.

ஒரு காலை ஊன்றிய பிறகுதான் மறு காலைத் தூக்க வேண்டும். ஆற்றைக் கடப்பவனுக்குச் சொல்லும் புத்தி இதற்கும் பொருந்தும்.

பேனாவில் இருந்து கம்ப்யூட்டருக்கு

பாதை எதிர்ப்பக்கமாகவும் போகலாம். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தார். தமிழ் ஆசிரியர். சிறுகதை எழுத்தாளர். கம்ப்யூட்டரில் தமிழ் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. கம்ப்யூட்டர்காரர்கள் செய்து தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தானே அந்த வித்தையில் இறங்கினார். 'கணியன்' என்னும் தமிழ் எழுத்து முறையை உருவாக்கினார்.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் தமிழ் எழுத்திலேயே ஏறின. அந்த நாட்டின் அப்போதைய ஜனாதிபதி ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். கோவிந்தசாமி 1999-ல் காலமானார். இன்று கைப்பேசியில் பேரனுக்குத் தமிழில் சேதி அனுப்பும் தாத்தாக்கள் அவரைப் போன்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

"தமிழ் படித்தவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று அவரைத் தடுத்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

வாசலிலேயே விஷயம்

"சுஜாதா பெரிய ஆள். எங்கள் ஊர்ப் பிள்ளை எதை எழுதும்?" என்று கேட்கலாம்.

அய்யலூரைச் சுற்றியுள்ள காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. இரவில் விழித்திருக்கும் சிறு பிராணி. உருண்டைக் கண்கள். பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவி செய்கிறது. மூட நம்பிக்கையால் அதைப் பிடித்துத் துன்புறுத்தியவர்களும் உண்டு.

2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காடு அதில் அடங்கும். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இது.

விலங்கியல் படித்த பிள்ளைக்கு அந்தப் பிராணியைப் பற்றித் தெரியும். கம்ப்யூட்டர் பழகிய பிள்ளைக்கு அது எங்கே எத்தனை தென்பட்டது என்று கணக்கு வைக்கத் தெரியும். எழுதத் தெரிந்த பிள்ளை அதைத் தாய்மார்களுக்கும் பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கும் புரியும்படி சொல்லும். மூன்றும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் ஊருக்கு எவ்வளவு பிரயோசனம்!

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். கல்யாணம், பிரசவம், ஊர் மாற்றம் என்று அவர்களின் உத்தியோகம் நடுவில் நின்றுவிடுகிறது. "படித்த படிப்பு வீணாகிவிட்டதே" என்று மனம் வெதும்புகிறார்கள். எழுத்தும் மொழிபெயர்ப்பும் தெரிந்த பெண், குழந்தை தூங்கும் நேரத்தில்கூட வேலை செய்யலாம். படித்த படிப்புக்கு அது இன்னொரு வாசல்.

ஒற்றை வித்தை போதாது

சாப்ட்வேர் என்பது கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் கட்டளை. அந்தக் கட்டளையிலேயே ஒரு பங்கை இன்று கம்ப்யூட்டர் தானே எழுதுகிறது. "சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்துவிட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லை" என்று நினைத்த காலம் போய்விட்டது.

மழை பொய்த்தால் ஆடு இருக்கிறது என்று அய்யலூர் விவசாயி தைரியமாக இருக்கிறார். ஒற்றை வித்தையோடு நிற்கும் பட்டதாரிக்கு அந்தத் தைரியம் உண்டா?

மூன்று கேள்விகள்

பெற்றோர்களே! பிள்ளை தொழில் மாறப் போகிறேன் என்றால் உடனே கோபப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்.

"இதுவரை கற்றதில் எதைப் புதிய வேலைக்கு எடுத்துப் போகிறாய்?"

"புதிய வேலையை எத்தனை மாதம் பழகிப் பார்த்தாய்?"

"வருமானம் வராத மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன ஏற்பாடு?"

மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தடுக்காதீர்கள். ஆசி கூறி அனுப்புங்கள். பதில் வராவிட்டால், "இன்னும் ஒரு வருஷம் பொறு, தயார் செய்துகொள்" என்று சொல்லுங்கள். "கூடாது" என்பதைவிட "தயார் செய்துகொள்" என்ற சொல் பிள்ளையின் மனதில் இறங்கும்.

பிள்ளைகளே! நீங்களும் இதைக் கேளுங்கள். மேலதிகாரி திட்டினார் என்று வேலையை விட்டால் அது தொழில் மாறுவது ஆகாது. ஓடிப்போவது! ஒரு தொழிலை ஒழுங்காகக் கற்று முடித்தவனுக்குத்தான் அடுத்த தொழில் கைகொடுக்கும். அரைகுறையாக மூன்று தொழில் பழகியவன் மோசம் போவான். முறையாக மூன்று தொழில் பழகியவன் மோசம் போகமாட்டான்.

அடுத்த கல்யாண வீட்டில் "பையன் என்ன செய்கிறான்?" என்று யாராவது கேட்டால் பெற்றோர் தலை குனிய வேண்டாம். "மூன்று வேலை தெரிந்தவன்" என்று நிமிர்ந்து சொல்லலாம்!