உறைபனிக் காலமும் கோழிகளின் குடிநீரும்

கோழி வளர்ப்போர் தீவனத்தின் விலையைக் கணக்கிடுகின்றனர், நோய்க்கு அஞ்சுகின்றனர், கீரிக்கும் நரிக்கும் காவல் வைக்கின்றனர். குடிநீரைக் குறித்துச் சிந்திப்போர் மட்டும் மிகச் சிலரே. காசின்றிக் கிடைக்கும் பொருள் கவனமின்றி விடப்படுவது உலக இயல்பு. சமவெளியில் இக்குறையின் பயன் கோடையில் வெளிப்படும். நீலகிரியின் மேட்டுப் பாகங்களிலோ அது மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வெளிப்படுகின்றது.

வடகிழக்குப் பருவமழை தணிந்து வானம் தெளிந்ததும், நீலகிரியில் முதலில் நீர்ப்பனியும் பின்னர் உறைபனியும் இறங்குவது வழக்கம். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும், தலைக்குந்தா, அவலாஞ்சி முதலிய இடங்களின் பள்ளமான நிலங்களிலும், இக்காலத்தில் புல்வெளிகள் விடியலில் உப்புப் பூத்தாற்போல வெளுத்துக் கிடக்கும். அவ்விரவுகளில் முற்றத்தில் வைத்த தட்டு நீர் பாலாடை படிந்ததுபோல் மேலே உறைந்துவிடும். குளிர் மிகுந்தால் அடிவரையிலும் கட்டியாகிவிடும். வெயில் ஏறியதும் அது உருகிவிடுவதால், வீட்டார் அதனை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் என்ன நேர்ந்துவிடும் என்பதே அவர்களது எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது.

ஓடு நீங்கலாக, முட்டையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே. முட்டையிடும் உயர் இனக் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் தின்று, அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ள நீரைக் குடிக்கும். இந்நீரை அது நாள் முழுவதும் ஒரே சீராகக் குடிப்பதுமில்லை. விடிந்து கூட்டைவிட்டு வெளிவந்த பொழுதிலும், முட்டையிட்ட பின்னரும், மாலையில் அடைவதற்கு முன்னரும் மிகுதியாகக் குடிக்கும், இருட்டில் குடிப்பதில்லை. இரவெல்லாம் நீரின்றிக் கழித்த கோழி முதன்முதலாக நாடி வரும் வேளையிலேதான் பாத்திரத்தில் பனிக்கட்டி இருக்கின்றது. நீர் குறையின் தீவனம் குறையும். தீவனம் குறையின் உடற்சூடு குறையும். பின்னர் முட்டையும் குறையும். குளிரினாலேயே முட்டை ஓரளவு குறைவது உண்மையே. ஆயினும் தாகத்தினால் நேர்ந்த நட்டத்தையும் குளிரின்மீதோ, இனத்தின்மீதோ, தீவனம் விற்றவர்மீதோ சுமத்திவிடுவது நியாயமன்று.

நீர் உறைவதன் காரணத்தை அறிந்தால் அதற்குப் பரிகாரமும் தானே விளங்கும். இத்தேசத்தில் முற்காலத்தில் அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் மனிதர் வேண்டுமென்றே நீரை உறையச் செய்து வந்தனர். அம்முறையைச் சர் ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். திறந்த வெளியில் ஆழமில்லாத குழிகளை வெட்டி, அவற்றில் கரும்புச் சோகை, சோளத்தட்டை முதலியவற்றைப் பரப்பி, அதன்மேல் மிகவும் ஆழங்குறைந்த மண் தட்டுகளை வரிசையாக வைத்து, அந்திப் பொழுதில் நீர் ஊற்றிவிடுவர். வானம் தெளிந்து காற்றசையாதிருந்த இரவுகளில், காற்று உறைநிலைக்கு வராதபோதும் தட்டு நீர் உறைந்துவிடும். நீர் தன் வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வீசி இழக்கின்றது. பூமியின் வெப்பம் மேலே ஏறாதபடி சோகை தடுத்துவிடுகின்றது. இவ்வுண்மையை 1814ஆம் ஆண்டில் பனித்துளியைப் பற்றிய தமது நூலில் விளக்கியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர்.

மலைநாட்டுக் கோழி வளர்ப்பவர் செய்வது யாது? அகன்ற அலுமினியத் தட்டில் இரண்டு விரற்கடை நீர் ஊற்றி, கூரையில்லா முற்றத்தில், வைக்கோற் கூளத்தின்மேல் வைத்து உறங்கச் செல்கின்றார். அலகாபாத்தில் பனிக்கட்டி செய்தோர் கையாண்ட முறையும் இதுவே. அவர்கள் அறிந்து செய்தனர். இவர் அறியாமற் செய்கின்றார். வேறுபாடு அவ்வளவே.

ஆதலின், இதற்கு நேர்மாறாகச் செய்வதே தகுந்த வழி. முதலாவது, நீர்ப்பாத்திரம் எப்பொழுதும் கூரையின்கீழ் இருத்தல் வேண்டும். தேயிலை நாற்றுகளின்மேலும் பூச்செடிகளின்மேலும் தழை பரப்பி உறைபனியிலிருந்து காப்பது நீலகிரியில் எல்லோரும் அறிந்த வழக்கம். அதே காப்பு நீருக்கும் பொருந்தும். இரண்டாவது, பாத்திரம் ஆழமுள்ளதாகவும் வாய் குறுகியதாகவும் இருப்பது நலம். ஆழ்ந்த நீர் மெல்லக் குளிரும். குறுகிய வாய் வெப்பத்தை அதிகம் இழக்காது. மூன்றாவது, அதனை வைக்கோலின்மேல் வையாது வெறுந்தரையின்மேல் வைத்தால், மண்ணின் வெப்பம் அதற்கு உதவும். இவை மூன்றிலும் எளியது மற்றொன்று உண்டு. கோழிகள் அடைந்தபின் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, விடியலில் புதுநீர் ஊற்றுவதே அது. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருமன் பெருகுமாதலால், கவிழ்த்த மண்பாத்திரம் வெடிக்காமலும் தப்பும். அப்பொழுது இறைத்த கிணற்று நீரும் ஊற்று நீரும் விடியற்காலைக் காற்றைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். நீரைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை.

பரிகாரம் என்று எண்ணித் தீங்கை வருவித்துக்கொள்வோரும் உளர். நீரில் உப்பிட்டால் உறையாது என்பர். உறைநிலையை ஒரு டிகிரி தாழ்த்துவதற்கே லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் உப்பு வேண்டும். அது கடல்நீரில் உள்ள உப்பிற் பாதி. கோழிக்கு அது நஞ்சேயாகும். கொட்டிலைச் சாக்கினால் இண்டு இடுக்கின்றி அடைத்து உள்ளே கரியடுப்பு வைப்பது அதனினும் கொடிது. கரி எரிந்து எழும் நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாமலே உயிரைப் போக்கும். அடுப்பு இல்லாவிடினும், அடைத்த கொட்டிலில் மூச்சின் ஈரமும் எச்சத்தின் காரநெடியும் தேங்கிக் கோழிகளின் மார்பையும் கண்களையும் வருத்தும். காற்று கோழிகளின்மேல் நேரே வீசாதவாறு, கூரையை ஒட்டி அது வெளியேற வழிவிடுதல் அவசியம். உமி பரப்பிய தரையில் பாத்திரத்தின்கீழ் மின்விளக்கை எரியவிடுவது தீவிபத்துக்கு இடந்தரும்.

கனடாவின் சமவெளி மாகாணங்களைப்போலப் பகலிலும் பல வாரங்கள் நீர் உறைந்தே கிடக்கும் நாடுகளில், மின்சாரத்தால் சூடேற்றும் பாத்திரங்கள் இன்றியமையாதவை. நீலகிரியின் குளிரோ இரவுக் குளிர். வெயில் வந்ததும் விலகிவிடுவது. பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பம் அந்நாடுகளின் கருவிகளுக்காகப் பணத்தைச் செலவிடுவதில் பொருளில்லை. குழாய்வழி நீர் ஊட்டும் பெரிய பண்ணையார் மட்டும், வெளியில் ஓடும் மெல்லிய குழாய்களைச் சாக்கினாலோ வைக்கோற் பிரியினாலோ சுற்றிவைத்து, காலையில் நீர் வருகின்றதா என்று தம் கண்ணால் பார்த்தல் வேண்டும். காவலாளின் சொல்லை நம்பி இருத்தல் ஆகாது.

இவ்விஷயத்தில் சிந்திக்கத்தக்க ஒன்று எஞ்சியுள்ளது. விடியலில் நீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களையே சார்கின்றது. அவர்களிற் பலர் அதே வேளையில் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளை எழுப்பிவிட்டுத் தேயிலைத் தோட்டத்திற்கோ காய்கறி வயலுக்கோ புறப்பட வேண்டியவர்கள். பனியில் கிணற்றடிக்குப் போகும் வேலையை மேலும் அவர்கள்மேல் சுமத்தும் யோசனை ஏட்டளவிலேயே நின்றுவிடும். மாலையிலேயே ஒரு குடம் நீரைச் சமையலறையில் எடுத்து வைத்துவிட்டால், கூட்டைத் திறக்கும்போது அதனை ஊற்றுவதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது. இச்சிறு வேலையை வீட்டு ஆண்மக்கள் ஏற்றுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. முட்டை விற்ற காசு இருபாலார்க்கும் பொதுவானதே.

கிராம அதிகாரிகளுக்கும் இதிற் பங்குண்டு. கோழிக்கூடு கட்ட எவரேனும் யோசனை கேட்டால், கூரையை ஒரு பக்கம் மூன்றடி நீட்டி, நீர்ப்பாத்திரத்திற்கு இடம் அமைக்கும்படி சொல்லலாம். உறைபனி தொடங்குமுன் நவம்பரில் ஊரார் கூடும் இடத்தில், தேயிலைக்கும் காய்கறிக்கும் சொல்லும் எச்சரிக்கையோடு கோழியின் குடிநீரையும் ஒரு வாக்கியத்தால் நினைவூட்டலாம். அதற்குத் தனி நிதி வேண்டுவதில்லை. மேலிடத்து உத்தரவும் வேண்டுவதில்லை.

உறைபனியைத் தடுக்க எவராலும் இயலாது. பாத்திரத்தைக் கூரையின்கீழ் எடுத்து வைக்க எல்லோராலும் இயலும். வாயில்லாத பிராணி விடியலில் தட்டைக் கொத்திப் பார்த்துத் திரும்பிப் போகும் நிலை இனியேனும் ஒழிதல் வேண்டும்.