பெண் குதிரைக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

பந்தயத் திடலில் ஒரு பெண் குதிரை ஓடிய ஓட்டங்களுள் மிகச் சிறந்தது எது என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரே வகையான பதில்தான் வந்து விழுகிறது. ஒருவர் ஹங்கேரியின் கின்ச்செம்மைச் சொல்கிறார். 54 பந்தயங்களில் 54 வெற்றி. மற்றவர் அவுஸ்திரேலியாவின் பிளாக் கவியாரைச் சொல்கிறார், 25க்கு 25. இன்னொருவர் வின்க்ஸ் என்கிறார். தொடர்ச்சியாக 33 வெற்றிகள். அமெரிக்க அன்பர்களோ ஸெனியாட்டா 20இல் 19 வென்றதைச் சொல்லிவிட்டு, அந்த ஒன்றையும் வென்றிருந்தால் என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்த எண்கள் யாவும் உண்மையானவை. ஆனால் கேட்ட கேள்விக்கு இவை பதில் அல்ல. கேட்டது ஓர் ஓட்டத்தைப் பற்றி; கிடைத்ததோ ஒரு கணக்கேடு.

பல்லாண்டுகள் பத்திரிகைக்குத் தலைப்புப் போட்டவன் என்ற முறையில் எண்களின் கவர்ச்சியை நான் அறிவேன். எண் ஒரே வரியில் அடங்கும். விளக்கம் கேட்காது. வாசகனையும் தடுத்து நிறுத்தும். ஆனால், தலைப்பு செய்தியாகிவிடாது. கணக்கேடு திறமையைக் காட்டும் அளவுக்கு, எந்தப் பந்தயத்தில் ஓடுவது, எதைத் தவிர்ப்பது என்று தீர்மானித்த உரிமையாளரின் எச்சரிக்கையையும் காட்டும். இரண்டையும் பிரித்தறியாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கணக்கை ஆண் குதிரைகளிடம் நாம் கேட்கிறோமா?

1973இல் பெல்மொண்ட் பந்தயத்தை 31 குதிரை நீளங்களால் வென்ற செக்ரடேரியட்டை எடுத்துக்கொள்வோம். எந்தக் குதிரையும் ஓடிய ஓட்டங்களுள் மிகச் சிறந்தது அதுவே என்று பலர் தயக்கமின்றிக் கூறுகின்றனர். அந்தக் குதிரை ஓடிய பந்தயங்கள் 21, வென்றவை 16. மீதி ஐந்தையும் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா? பெல்மொண்டில் உலகையே வாய்பிளக்க வைத்த அதே ஆண்டில், சரட்டோகாவில் ஒனியன் என்ற குதிரையிடம் அது தோற்றது. ஆனாலும் அந்தத் தோல்வி பெல்மொண்டின் பெருமையில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. குறைக்கவும் கூடாது. அவுஸ்திரேலியர் கொண்டாடும் ஃபார் லாப் 51 பந்தயங்களில் 37ஐ வென்றது. அதன் 14 தோல்விகளையும் யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

ஆண் குதிரைக்கு ஒரு நாள் போதும். பெண் குதிரைக்கோ கறையில்லாத ஏடு வேண்டும். அது ஒரு முறை தோற்றால், 'என்ன இருந்தாலும் பெண் குதிரைதானே' என்ற பேச்சு எங்கிருந்தோ புறப்பட்டு வருகிறது. இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

கணக்கேட்டை விரும்புவோர் சொல்லும் குதிரைகளையே பார்ப்போம். அமெரிக்காவின் பேர்சனல் என்சைன் 13 பந்தயங்களில் ஓடி 13ஐயும் வென்றது. அவற்றுள் பன்னிரண்டை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? நினைவில் நிற்பது 1988 நவம்பரில் சேர்ச்சில் டவுன்ஸின் சேற்றில் ஓடிய கடைசி ஓட்டம் மட்டுமே. அதே ஆண்டின் கென்டக்கி டேர்பியை வென்ற வின்னிங் கலர்ஸ் என்ற இன்னொரு பெண் குதிரையைத் துரத்திச் சென்று, முடிவுக் கோட்டில் மூக்களவில் அது முந்தியது. தோற்கவிருந்த ஓட்டம் என்பதாலேயே அது பெரிய ஓட்டமாயிற்று.

பிளாக் கவியாரின் கதையும் இதுவே. உள்ளூரில் எதிரிகளைப் பல நீளங்கள் பின்னே விட்டு ஓடிய அது, 2012 ஜூனில் பூமிப் பந்தின் மறுபக்கத்துக்குப் பயணம் செய்து, இங்கிலாந்தின் றோயல் அஸ்கொட்டில் ஒரு தலையளவில் மட்டுமே வென்றது. ஏமாற்றமளித்த வெற்றி என்றார்கள். பின்னர் நடந்த பரிசோதனையில் தசை கிழிந்திருந்தமை தெரியவந்தது. ஏட்டில் அந்த வெற்றிக்கும் ஏனைய 24க்கும் ஒரே மதிப்பு. எனது மதிப்பீட்டில் அந்த ஒன்று பல வெற்றிகளுக்குச் சமம்.

ஸெனியாட்டாவின் காரியம் இன்னும் வேடிக்கையானது. அதன் வெற்றிகளுட் பெரும்பாலானவை கலிபோர்னியாவில், பெண் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயங்களில் கிடைத்தவை. 2009இல் ஆண் குதிரைகளை எதிர்த்து பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தை வென்ற முதற் பெண் குதிரை அதுவே. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு, அதே பந்தயத்தில், பழக்கமில்லாத மண் தரையில் எல்லோருக்கும் வெகு பின்னே விடப்பட்டு, கடைசி நேர்வழியில் எழும்பி வந்து, பிளேம் என்ற குதிரையிடம் ஒரு தலையளவில் தோற்ற ஓட்டம், அதன் வெற்றிகளுட் பலவற்றைவிடப் பெரியது என்பேன். ஏடு அதனைத் தோல்வி என்று மட்டும் எழுதி மூடிவிட்டது.

அதே காலத்தில் ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா என்ற மற்றொரு பெண் குதிரை, 2009இல் மாத்திரம் மூன்று முறை ஆண் குதிரைகளை வென்றது. இரண்டையும் சந்திக்க வைப்பதற்காக 2010இல் ஆர்கன்சோவில் 50 இலட்சம் டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா அந்த ஆண்டின் முதல் ஓட்டத்தில் தோற்றது. உடனே அதன் தரப்பு விலகிக்கொண்டது. இரண்டும் கடைசிவரை சந்திக்கவே இல்லை. ஏட்டைக் காப்பாற்றும் மனநிலை நம்மிடமிருந்து பறித்தது என்ன என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கின்ச்செம்மை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1876 முதல் 1879 வரை நாடு நாடாகச் சென்று, 1878இல் இங்கிலாந்தின் குட்வுட் கிண்ணத்தையும் வென்ற குதிரை அது. அதே ஆண்டு பாடன்-பாடனில் ஓட்டம் சமநிலையில் முடிய, மீண்டும் ஓடி வென்றது. அதனுடைய 54 பாதுகாப்பாகச் சேர்த்து வைத்த 54 அல்ல. ஆனால் அதன் பெருமைக்கும் காரணம் அந்தப் பயணமும் அந்த மறு ஓட்டமுமே, எண் அல்ல.

இனி மறுதரப்பின் வாதம் ஒன்றைப் பார்ப்போம். பெண் குதிரைகளுக்கு நிறைச் சலுகை உண்டு, ஆகவே ஆண் குதிரைகளை அவை வென்றாலும் அது சமமான வெற்றி அல்ல என்பது அந்த வாதம். சலுகை இருப்பது உண்மை. கென்டக்கி டேர்பியில் ஆண் குதிரை 126 இறாத்தல் சுமக்க, பெண் குதிரை 121 இறாத்தல் சுமக்கிறது. 2018இல் ஜப்பான் கிண்ணத்தில் ஆமண்ட் ஐ 2,400 மீற்றரை 2 நிமிடம் 20.6 விநாடிகளில் ஓடி உலகைத் திகைக்க வைத்தபோது, மூன்று வயதுப் பெண் குதிரையான அதன் முதுகில் இருந்தது 53 கிலோ; முதிர்ந்த ஆண் குதிரைகளின் முதுகில் 57 கிலோ. இந்த வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. இதற்கு ஒரே நேர்மையான பதில், சலுகையின் நிழலே படாத ஓர் ஓட்டத்தைக் காட்டுவதுதான்.

அப்படி ஓர் ஓட்டம் உண்டு. 2005 நவம்பர் 1ஆம் திகதி, மெல்பேர்ண் ஃபிளெமிங்டன் திடலில், மக்கைபி டீவா மூன்றாவது முறையாக மெல்பேர்ண் கிண்ணத்தை வென்ற ஓட்டம்.

மெல்பேர்ண் கிண்ணம் ஹன்டிகப் வகைப் பந்தயம். அதாவது வல்ல குதிரைக்குக் கூடுதல் நிறையும் எளிய குதிரைக்குக் குறைந்த நிறையும் ஏற்றி, எல்லாக் குதிரைகளையும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டுக்குக் கொண்டுவர முயலும் ஏற்பாடு. நீ முன்னர் வென்றாயா, அதற்கு இப்போது வரி கட்டு என்பதே அதன் தத்துவம். 2003இல் மக்கைபி டீவா சுமந்தது 51 கிலோ. வென்றது. 2004இல் 55.5 கிலோ. வென்றது. 2005இல் 58 கிலோ. களத்தில் நின்ற 24 குதிரைகளில் அதனிலும் கூடிய நிறை எந்தக் குதிரையின் முதுகிலும் இருக்கவில்லை. ஆண் குதிரைகளிடம் அது சலுகை பெறவில்லை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது சலுகை கொடுத்து ஓடியது. தூரம் 3,200 மீற்றர். கிளென் பொஸ் ஓட்ட, ஒன்றேகால் நீளத்தில் வென்றது. அதற்கு முன் எந்தப் பெண் குதிரையும் அவ்வளவு நிறையோடு அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை.

நிறை என்ன செய்யும் என்பதை ஃபார் லாப்பிடம் கேளுங்கள். 1930இல் 62.5 கிலோவுடன் அதே கிண்ணத்தை வென்ற அந்த மாபெரும் குதிரையின் முதுகில், 1931இல் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. 1861இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தை, ஆணோ பெண்ணோ, மூன்று முறை வென்ற குதிரை இன்றுவரை ஒன்றே ஒன்றுதான்.

மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. திடலுக்குத் தண்ணீர் ஊற்றித் தரையை மெதுவாக்கினார்கள், அது மக்கைபி டீவாவுக்குச் சாதகம் என்பது ஒன்று. தரை கடினமாயிருந்தால் குதிரையை ஓடவிடப் போவதில்லை என்று பயிற்றுவிப்பாளர் லீ ஃபிரீட்மன் கூறியதும் அதனால் சர்ச்சை கிளம்பியதும் மெய். ஆனால் நனைந்த தரை 24 குதிரைகளுக்கும் பொது. 58 கிலோ பொது அல்ல. ஹன்டிகப் ஓட்டம் தரத்தின் அளவுகோல் ஆகாது என்பது மற்றொன்று. அப்படியானால் பத்து நாட்களுக்கு முன்னர், ஒக்டோபர் 22ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் மிக உயர்ந்த தரப் பந்தயங்களுள் ஒன்றான கொக்ஸ் பிளேட்டை வென்றது எந்தக் குதிரை? அதுவும் மக்கைபி டீவாவே. 2,040 மீற்றரில் வேகக் குதிரைகளை வென்று, பத்தே நாளில் 3,200 மீற்றரில் நெடுந்தூரக் குதிரைகளை, களத்தின் உச்ச நிறையோடு வென்ற காரியத்துக்கு ஈடாக எதையேனும் காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஏட்டைத் திறப்போம். மக்கைபி டீவா ஓடியவை 36, வென்றவை 15. இருபத்தொரு தோல்விகள்! தோல்வியறியாத குதிரைகளின் பட்டியலில் இதற்கு வாசற்படியில்கூட இடம் கிடையாது. என் வாதம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஏட்டை வைத்துத் தேடுபவனுக்கு, மிகச் சிறந்த ஓட்டத்தை ஓடிய குதிரை கண்ணிற் படவே படாது. 1902இல் இங்கிலாந்தின் ஐந்து கிளாசிக் பந்தயங்களில் நான்கைத் தனித்து வென்ற செப்டரும், மற்ற ஒன்றான டேர்பியில் நான்காவதாக வந்ததால் இதே வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மக்கைபி டீவா என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். மீன்பிடித் தொழில் செய்த அதன் உரிமையாளர், தமது நிறுவனத்தில் வேலை செய்த ஐந்து பெண்களின் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அந்தப் பெயரை ஆக்கினார். நியூமார்க்கட் ஏலத்தில் விலைபோகாத குட்டி அது.

குதிரை பற்றிய விவாதம்தானே, பொழுதுபோக்குக்குப் பேசிவிட்டுப் போகட்டும் என்று சிலர் எண்ணலாம். அப்படி எண்ணுபவர்களுக்காகவே ரஃபியனின் கதையைக் கடைசிக்கு வைத்தேன்.

ரஃபியன் ஓடிய முதற் பத்துப் பந்தயங்களிலும் வென்றது. எந்த ஓட்டத்திலும் அதற்கு முன்னே வேறொரு குதிரை நிற்க முடியவில்லை. அப்படியானால் ஆணையும் வெல்லுமா என்ற கேள்வி எழுந்தது. அதைத் தீர்க்க, அந்த ஆண்டின் கென்டக்கி டேர்பியை வென்ற ஃபூலிஷ் பிளெஷருடன் இருவர் மட்டும் மோதும் ஓட்டம் ஒழுங்கு செய்யப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான போர் என்று விளம்பரம் செய்தார்கள். 1975 யூலை 6ஆம் திகதி, பெல்மொண்ட் திடலில், தொலைக்காட்சி நேரடியாகக் காட்டிக்கொண்டிருக்க, முன்னே சென்றுகொண்டிருந்த ரஃபியனின் வலது முன்னங்கால் முறிந்தது. முறிந்த காலோடும் அது ஓட முயன்றது. சத்திரசிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ஓடுவதுபோலக் கால்களை உதறியதில் கட்டு நொறுங்கியது. அதன் பின்னர் அதனைக் கருணைக்கொலை செய்வதன்றி வழியிருக்கவில்லை. அதே திடலுக்குள் புதைத்தார்கள்.

எலும்பு முறிந்ததற்கு மருத்துவம் வேறு காரணம் கூறலாம். ஆனால் அந்த நாளில், அந்தத் திடலுக்கு, அந்த ஓட்டத்துக்கு அதை அழைத்து வந்தது இந்த விவாதமே. பத்து வெற்றிகள் போதவில்லை. பெண் என்பதற்காகப் பதினொன்றாவது சான்று கேட்டோம்.

அடுத்த முறை நவம்பர் முதற் செவ்வாயன்று, மெல்பேர்ணில் வாழும் நம்மவர்கள் கிண்ணத்துக்காகக் கிடைக்கும் விடுமுறையை அனுபவிக்கும்போது, யாரேனும் 54, 25, 33 என்று தொடங்கினால் ஒன்றை மட்டும் கேளுங்கள். எந்த நாளில், எவ்வளவு சுமந்து, யாரை எதிர்த்து? அந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண், பந்தயக் கடைக்காரனின் துண்டுச் சீட்டுக்கு மேல் பெறுமதியில்லாதது.