துடைப்பத்துக்குக் கொலுசு

மீஞ்சூரை அடுத்த வள்ளூர்ப் பக்கம், ஒரு சேரியில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். போன மாதம் பிள்ளைகளுக்கு நீர்வண்ணம் கொடுத்து, "வீட்டில் இருக்கிற பொருளை வரையுங்கள்" என்றோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி துடைப்பம் வரைந்தாள். அதற்குக் கொலுசு போட்டிருந்தாள். பக்கத்தில் குடை பிடித்த எவர்சில்வர் டம்ளர். ஒற்றைச் செருப்பு ஒன்று கூரைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. தண்ணீர் கூடிப்போய்க் குடையின் சிவப்பு டம்ளரில் வழிந்திருந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

வகுப்புக்கு உதவி செய்யும் நண்பர் ஒருவர் பார்த்தார். நல்லவர்தான். "இவர்கள் வாழ்க்கை இதில் எங்கே? புகைபோக்கி, சாம்பல், இதையெல்லாம் வரையச் சொல்லலாமே?" என்றார்.

எங்களுக்குக் கோபம் வந்தது. பாதிக் கோபம் எங்கள் மீதே. நாங்களும் முதலில் அதைத்தான் தேடினோம்.

இந்த மூன்றும் எங்களுக்கு வெறும் பொருள்கள் அல்ல. டம்ளர் என்றால் டீக்கடையின் இரட்டைக் குவளை. செருப்பு என்றால் ஊர்த்தெருவில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தாத்தா. பேஷ்வாக்களின் புனேயில், தன் காலடித் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு போக 'தீண்டத்தகாதவர்' இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டியிருந்ததை 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதினார். அந்தத் துடைப்பத்தையும் கழுத்தில் தொங்கிய கலயத்தையும் ஓவியர் சவி சவார்க்கர் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த ஓவியங்கள் நமக்கு வேண்டும், நாளைக்கும் வேண்டும்.

ஆனால் அதை மட்டுமே வரை என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கு உரிமை? பறக்கும் செருப்பை நகரத்துப் பிள்ளை வரைந்தால் கற்பனை வளம். எங்கள் பிள்ளை வரைந்தால், வாழ்க்கை எங்கே என்ற கேள்வி. வலியைக் காட்டினால்தான் சுவரில் இடம் என்பதும் ஒரு தனிக்குவளைதான், தோழர்களே.

துடைப்பத்துக்கு ஏன் கொலுசு என்று அவளிடமே கேட்டோம். அவள் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். "அம்மா பெருக்குறப்ப சலக் சலக்குன்னு சத்தம் வருமில்ல, அதான்" என்றாள்.

ஏப்ரலில் தலித் வரலாற்று மாதக் கூட்டத்தில் இந்தப் படத்தை மாட்டுகிறோம். கீழே விளக்கம் எழுத வேண்டாமா என்று நண்பர் கேட்டார். பெயரும் வகுப்பும் போதும் என்று சொல்லிவிட்டோம்.