கரிசல் மண்ணின் கணக்கு கல்லூரிக்குள் வரட்டும்

2022 மார்ச் 1-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், வேலைக்கான திறன் படிப்புகளைப் பொறியியல் கல்லூரிகளோடு நிறுத்தாமல் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் கொண்டுவந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்ற அறிவிப்பு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் வந்தது. அதை வாசித்த தங்கம் தென்னரசு, நம் விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றவர். அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியிலும் எஸ்.பி.கே. கல்லூரியிலும் திருச்சுழி அரசுக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இவை நல்ல செய்திகள். அவர்களில் பலர், மழையை நம்பி மானாவாரி விவசாயம் செய்யும் வீடுகளிலிருந்தும், தறிக்கும் மில்லுக்கும் போகும் வீடுகளிலிருந்தும் வருபவர்கள்.

கணினி கைக்கு வந்துவிடும். அதில் எதைக் கற்பது, எதை வைத்துக் கற்பது என்பதே இனி நாம் பேச வேண்டியது. தரவுப் பகுப்பாய்வையும் திட்டமிடல் மென்பொருளையும் இந்த வட்டாரத்தின் உண்மைக் கணக்குகளை வைத்தே கற்பிக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்ற எண்ணிக்கை, ஒரு கல்லூரியின் வெற்றியை அளக்கும் கோலாக இருக்கக் கூடாது.

இன்று உலகம் முழுவதும் இந்தப் பாடங்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் பயிற்சிக்கென்று கூடவே வரும் அட்டவணைகளில் ஒன்று, 1974-இல் ஓர் அமெரிக்க இதழ் வெளியிட்ட 32 கார்களின் மைலேஜ் கணக்கு. 'டாப்லோ' மென்பொருளைத் திறந்தால் ஒரு கற்பனைப் பேரங்காடியின் விற்பனைப் பட்டியல் வருகிறது. பொத்தான்களைப் பழகுவதற்கு இவை போதும். ஆனால் அந்தக் காரை ஓட்டிப் பார்த்திராத மாணவிக்கு, அட்டவணையில் ஓர் எண் தவறாக இருந்தால் அது எப்படிக் கண்ணில் படும்? தரவுப் பகுப்பாய்வின் உயிர், எண்ணைச் சந்தேகிக்கத் தெரிவதில் இருக்கிறது. தனக்குத் தெரிந்த பொருளைப் பற்றிய எண்ணைத்தான் ஒருவரால் சந்தேகிக்க முடியும்.

மழையும் விளைச்சலும் இந்த மண்ணின் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடந்த 7 ஆண்டுகளில் நன்கு விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள். அந்த ஆண்டு ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. கிராம அளவில் ஒரு முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 இடங்கள். அதில் வரும் சராசரி, உத்தரவாதத்தைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் இழப்பீடு.

எடுத்துக்காட்டாக ஓர் ஊரில் உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 800 கிலோ, காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்று வைப்போம். நான்கு இடங்களில் ஏக்கர் கணக்குக்கு 480, 560, 640, 720 கிலோ வருகிறது. சராசரி 600. குறைவு 25 சதவீதம். இழப்பீடு 5,000 ரூபாய். பதிவு செய்பவர் கை தவறி 480-ஐ 840 என்று தட்டிவிட்டால் சராசரி 690 ஆகிவிடும். இழப்பீடு 2,750 ரூபாய்க்கு இறங்கிவிடும். இரண்டு இலக்கம் இடம் மாறியதில், அந்த ஊரில் அந்தப் பயிருக்குக் காப்பீடு செய்த ஒவ்வொருவருக்கும் ஏக்கருக்கு 2,250 ரூபாய் போகிறது. மற்ற மூன்று இடமும் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் 840 எப்படி வந்தது என்று கேட்க, எக்செல் அட்டவணையில் நாலைந்து வரிகள் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு பட்டதாரி ஊருக்கு ஒருவர் இருந்தால், காப்பீட்டுத் தொகை ஏன் குறைந்தது என்று தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலையும் விவசாயிக்கு அது பெரிய துணை.

திட்டமிடல் மென்பொருளும் அப்படித்தான். இந்தப் பகுதியில் திட்டமிட வேண்டிய முதல் வேலை கண்மாய். உள்ளே மண்டிய சீமைக் கருவேலத்தை மதிப்பிட்டு ஏலம் விட வேண்டும். வெட்டி முடித்த பிறகே தூர்வாரும் இயந்திரம் இறங்கும். வாரிய மண்ணைக் கொண்டு கரையைப் பலப்படுத்த வேண்டும். மடையையும் கலுங்கையும் சீரமைத்தால் கான்கிரீட் இறுக நாள் விட வேண்டும். இத்தனையும் ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். ஏலம் மூன்று வாரம் தள்ளிப்போனால் அதைத் தொடர்ந்து வரும் எல்லாம் தள்ளிப்போகும். மடை வேலையைத் தனியாக முன்கூட்டியே தொடங்கலாமா என்ற கேள்வி அப்போதுதான் எழும். எந்த வேலை தாமதித்தால் மொத்தத் திட்டமும் தாமதிக்கும் என்று கண்டுபிடிக்கும் முறையை 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் டுபான்ட் நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கினார்கள். அதே முறையில் ஒரு கண்மாயின் வேலை அட்டவணையை மாணவர்கள் போட்டு ஊராட்சியின் முன் வைக்கலாம். கிராம சபையில் 'ஏன் இன்னும் முடியவில்லை' என்று கேட்பவருக்குக் கையில் ஒரு தாள் இருக்கும்.

இது தமிழகத்துக்கு முற்றிலும் புதிய யோசனை அல்ல. பாதி வழி நாம் ஏற்கெனவே வந்துவிட்டோம். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களைத்தான் அரசு வயலில் இறக்கியது. வெயிலிலும் சேற்றிலும் நின்று செல்பேசியில் பயிரைப் பதிவு செய்தவர்கள் அவர்கள். எண்ணைத் திரட்டும் பாரத்தை மாணவர்கள் தோளில் ஏற்றும் நாம், அந்த எண்ணைப் படித்துப் பொருள் சொல்லும் பயிற்சியையும் அவர்களுக்குத் தர வேண்டாமா? விருதுநகர் மாவட்டம் 2018 முதல் மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் இருக்கிறது. 49 குறியீடுகளைக் கொண்டு இந்தியாவின் 112 மாவட்டங்களுக்குத் தரவரிசை போடுகிறார்கள். நம்மைப் பற்றி இவ்வளவு எண்கள் எழுதப்படுகின்றன. அவற்றை வாசித்து, 'இந்த எண் எங்கள் தெருவுக்குப் பொருந்தவில்லை' என்று சொல்லும் திறமை நம் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ள முடியாது. பிள்ளைகளுக்கு வேண்டியது வேலை, கம்பெனிகள் கேட்பது 'பவர் பிஐ' மென்பொருள் சான்றிதழ், கண்மாய்க் கணக்கை வைத்துக்கொண்டு சென்னையில் யாரிடம் போய் நிற்பது என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கவலை. ஆனால் ஒரே சான்றிதழை ஆயிரக்கணக்கானோர் வைத்திருக்கும்போது, நேர்காணலில் தனித்துத் தெரிவது சொந்தமாகச் செய்து முடித்த ஒரு வேலை. 'பத்து ஆண்டு மழைப் பதிவை எடுத்தேன், விடுபட்ட நாட்களை இப்படிக் கையாண்டேன், இந்த முடிவுக்கு வந்தேன்' என்று சொல்லும் மாணவியிடம் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றும். வேலையும் சென்னையில் மட்டும் இல்லை. சாத்தூர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வர இருக்கிறது. ஷிஃப்ட் வாரியாக உற்பத்தியையும் கழிவையும் கணக்கிட்டு, ஆர்டரைக் குறித்த தேதிக்குள் அனுப்பத் திட்டம் போடுபவர்கள் அங்கே தேவைப்படுவார்கள். அந்த இடங்களில் வெளியூர் ஆட்கள் அமர, நம் பட்டதாரிகள் கூலி வேலைக்கு மட்டும் போகும் நிலை வரக் கூடாது.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் எக்செல் சூத்திரத்தை நொடியில் எழுதித் தருகிறது. பொத்தான் அறிவின் மதிப்பு அதனால் குறையும்; எண் சரியா என்று பார்க்கத் தெரிந்தவரின் மதிப்பு கூடும். செலவையும் காரணமாகச் சொல்ல முடியாது. லிப்ரே ஆபீஸ், ஆர், பைத்தான், புராஜெக்ட்லிப்ரே எல்லாம் இலவசம். கேரளம் தன் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளில் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் இந்தப் பாடங்களின் மதிப்பெண்ணில் பாதியையாவது, மாணவர்கள் உள்ளூர் தரவை வைத்துச் செய்யும் திட்டப்பணிக்கு ஒதுக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தமிழில் எழுதவும் தமிழில் விளக்கிப் பேசவும் அனுமதி வேண்டும். அப்போதுதான் ஊராரும் அதைப் படிப்பார்கள். இரண்டாவதாக, மாவட்ட நிர்வாகம் மழைமானிப் பதிவுகள், கண்மாய் நீர் இருப்பு, பயிர்ப் பரப்பு, அறுவடைப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைத் தனிநபர் விவரம் நீக்கி, அட்டவணையாகவே கல்லூரிகளுக்குத் தர வேண்டும். ஸ்கேன் செய்த படமாகத் தந்தால் பயனில்லை. மூன்றாவதாக, கோவிலாங்குளத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்களும் மில்களின் உற்பத்தி மேலாளர்களும் பருவத்துக்கு ஒருமுறையாவது வகுப்பில் அமர்ந்து மாணவர்களின் முடிவுகளைக் கேள்வி கேட்க வேண்டும். நான்காவதாக, ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும். தானே ஒரு தரவைத் திருத்திப் பழகாத ஆசிரியர் காணொளியை ஓடவிட்டு உட்காருவதைத் தவிர என்ன செய்ய முடியும்? கடைசியாக, கணினி ஆய்வகம் மாலை ஏழு மணி வரையாவது திறந்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய கிராமத்து மாணவிகளுக்கு அதற்கேற்ற பேருந்தும் வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானமும் மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவும் வந்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி கல்லூரிகள் தலைக்கு ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கட்டும். மாணவர்கள் போடும் கணக்கை ஊராட்சி மன்றங்கள் கிராம சபையில் வாசிக்கட்டும்.

ஊருக்குப் பயன்படும் கணக்கைப் போடத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் வேண்டாம் என்று சொல்லாது. தன் ஊரைப் பற்றி மற்றவர் எழுதும் எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் ஏமாற்ற முடியாது. இந்த இரண்டு பலன்களையும் தரக்கூடிய கல்வியைச் சான்றிதழ் எண்ணிக்கைக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று பல்கலைக்கழகத்தையும் அரசையும் வற்புறுத்துகிறோம்.