கொள்கைக்கு வாடகை எவ்வளவு?

அமெரிக்காவில் சில வருடங்களாக ஒரு வசனம் ரொம்பப் பிரபலம். "இந்த மாநிலத்து அரசியல் எனக்குச் சரிப்படவில்லை. என் கொள்கைக்கு ஒத்துவருகிற ஊருக்குப் போகிறேன்." வலதுசாரி கலிஃபோர்னியாவை விட்டு டெக்ஸாஸுக்கு மூட்டை கட்டுகிறார். இடதுசாரி டெக்ஸாஸை விட்டு ஓரிகனோ மின்னசோட்டாவோ தேடுகிறார். பழமைவாதிகளை டெக்ஸாஸில் குடியமர்த்துவதையே தொழிலாக வைத்து 2017-ல் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனமே தொடங்கப்பட்டது. கொள்கை, தரகுக் கமிஷன் தரும் சரக்காகிவிட்டது!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொள்கைக்காக வீட்டை விற்றுக் கிளம்புகிறவர் என்றால் தியாகி மாதிரி ஒரு தோற்றம் வேறு. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், இந்தப் பேச்சில் பாதி வாடகை, கால் பங்கு வரி, மீதிதான் கொள்கை. சிலருக்கு அந்த மீதியும் தேறாது.

முதலில் தியரி. 1956-ல் சார்ல்ஸ் டீபூ என்ற பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொது நிதி படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். கடையில் சோப்பு தேர்ந்தெடுக்கிற மாதிரி, மக்கள் தங்களுக்குப் பிடித்த வரியும் பிடித்த சேவையும் உள்ள ஊரைத் தேர்ந்தெடுத்துக் குடிபோவார்கள் என்பது அவர் வாதம். வாக்குச் சீட்டுக்குப் பதிலாகக் காலால் ஓட்டுப் போடுவது என்று இதற்குப் பெயர் வந்தது. இன்றைக்கு "பிடிக்கவில்லையா, வேறு மாநிலம் போ" என்று சொல்கிறவர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ டீபூவின் சிஷ்யர்கள்தான்.

ஆனால் அந்த மனிதர் நேர்மையானவர். தன் மாடல் எந்த அனுமானங்களில் நிற்கிறது என்று அவரே பட்டியல் போட்டிருக்கிறார். எங்கே வேலை கிடைக்கும் என்ற கவலை யாருக்கும் இல்லை, எல்லாரும் டிவிடெண்ட் வருமானத்தில் வாழ்கிறார்கள் என்பது அதில் ஒன்று. அதாவது பங்குச் சந்தைப் பணத்தில் சாப்பிடுகிறவருக்குத்தான் இந்தச் சுதந்திரம் முழுசாகப் பொருந்தும். மாதச் சம்பளக்காரருக்கு, வயதான அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு, விவாகரத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்க்க அதே ஊரில் இருந்தாக வேண்டியவருக்கு, கால் இருக்கிறது... ஓட்டு இல்லை.

வரிக் கணக்கு

கலிஃபோர்னியாவை விட்டுப் போகிறவர் முதலில் சொல்வது வருமான வரி. அதிகபட்சம் 13.3 சதவீதம். டெக்ஸாஸில் பூஜ்யம். அங்கே தனிநபர் வருமான வரியே கூடாது என்று 2019-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆஹா!

ஆனால் அந்த 13.3 சதவீதம், பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு, அந்த மேல்பகுதிக்கு மட்டும். வருடம் 50,000 டாலர் சம்பாதிக்கும் தனி ஆள் கலிஃபோர்னியாவுக்குக் கட்டும் வருமான வரி ஆயிரம் டாலரை ஒட்டித்தான் வரும். இன்னொரு பக்கம், டெக்ஸாஸ் வருமான வரியில் விட்டதைச் சொத்து வரியிலும் விற்பனை வரியிலும் பிடித்துவிடுகிறது. அங்கே வீட்டின் மதிப்பை வைத்து ஒவ்வொரு வருடமும் கணிசமான சொத்து வரி போகும். ஏழைக்குக் கலிஃபோர்னியாவின் வரிச்சுமை டெக்ஸாஸைவிடக் குறைவு, கோடீஸ்வரருக்கு நேரெதிர். ஆக "வரி தாங்கவில்லை, டெக்ஸாஸ் போகிறேன்" என்று ஒரு சாதாரணச் சம்பளக்காரர் சொன்னால், அவர் படிப்பது கோடீஸ்வரருக்கு எழுதிய வசனம்.

அப்படியானால் 2021-லும் 2022-லும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏன் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்ஸாஸ் போனார்கள்? பதில் ஒரு வரிதான். வீடு. 2024 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் விற்ற வீடுகளின் நடுவிலை முதல்முறையாக 9 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே வருடம் டெக்ஸாஸில் சுமார் 3.4 லட்சம். இந்த வித்தியாசத்துக்கு முன்னால் எந்தக் கொள்கையும் நிற்காது.

வாசலில் வரவேற்பு, சட்டத்தில் பூட்டு

இப்போது இடதுசாரிகள் சிரிக்க வேண்டாம். அவர்கள் முறை இது.

அந்த 9 லட்சம் வானத்திலிருந்து விழவில்லை. கடலோரக் கலிஃபோர்னியாவின் பெரும்பாலான குடியிருப்பு நிலத்தில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்று பல பத்தாண்டுகள் விதி போட்டு வைத்திருந்தார்கள். அடுக்குமாடி என்றால் விசாரணை, ஆட்சேபம், சுற்றுச்சூழல் வழக்கு. 1978-ல் வாக்காளர்களே நிறைவேற்றிய 13-ஆம் எண் தீர்மானம் சொத்து வரியை வாங்கிய விலையில் ஒரு சதவீதத்துக்குக் கட்டிப்போட்டது. அதன் பிறகு அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. விளைவு? ஒரே தெரு, ஒரே அளவு வீடு. நாற்பது வருடம் முன்னால் வாங்கியவர் கட்டும் வரியைப்போலப் பல மடங்கு போன வருடம் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் கட்டுகிறார். உள்ளே இருப்பவருக்கு மானியம், புதிதாக வருபவருக்கு அபராதம்.

அந்தத் தெருவில்தான் "அகதிகள் வருக, அனைவரும் சமம்" என்று புல்தரையில் பலகை நட்டிருப்பார்கள். வருகிறவர் எங்கே படுப்பார் என்று கேட்டால் பதில் இல்லை. வருக என்று சொல்லிவிட்டு நாற்காலியை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துக்கொண்ட கல்யாண வீடு மாதிரி. 2021-ல் ஒரு மனையில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு கட்ட மாநிலம் சட்டம் போட்டபோது, முற்போக்குக்குப் பேர்போன பல நகரங்களே அதைத் தடுக்க வழி தேடின. 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு கலிஃபோர்னியா தன் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு நாடாளுமன்ற இடத்தை இழந்தது. 53 இருந்தது 52 ஆனது. டெக்ஸாஸுக்கு இரண்டு கூடியது. வீடு கட்ட மறுத்ததால் அரசியல் பலமும் போயிற்று. கொள்கையைக் காப்பாற்றும் லட்சணம் இதுதானா?

சுதந்திரம், நிபந்தனைகளுக்கு உட்பட்டது

டெக்ஸாஸ் விற்கும் சரக்கின் பெயர் சுதந்திரம். வீடு கட்டச் சுதந்திரம் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்டினில் அடுக்குமாடிகளைக் கட்டித் தள்ளினார்கள், 2023-க்குப் பிறகு வாடகை இறங்கியது. விலை குறைய வேண்டுமா, கட்டு. பாடப்புத்தகம் சொன்னது நடந்தது.

மற்றச் சுதந்திரங்கள்? 2021 செப்டம்பரில் ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்குத் தடை. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஏறக்குறைய முழுத் தடை. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து ஒரு காசு ஏறவில்லை. கலிஃபோர்னியாவில் அது 2025-ல் 16.50. மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே டெக்ஸாஸில்தான் அதிகம்.

உள்ளூர்ச் சுதந்திரத்தின் கதை இன்னும் வேடிக்கை. கட்டிடத் தொழிலாளிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஆஸ்டின் 2010-லும், டல்லஸ் 2015-லும் விதி செய்தன. அந்த மாதிரி நகர விதிகளையே செல்லாததாக்க 2023-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வாஷிங்டன் தங்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது என்பவர்கள், வெயிலில் நிற்கிற கொத்தனார் தண்ணீர் குடிக்கும் விஷயத்தில் மூக்கை நுழைத்தார்கள்.

அமெரிக்கா போகும் தமிழ் சாஃப்ட்வேர் ஆட்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டல்லஸைச் சுற்றியுள்ள இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ எல்லாம் இந்தியர்கள் நிறைந்த ஊர்கள். பே ஏரியாவில் ஒற்றைப் படுக்கையறைக்குக் கொடுக்கும் வாடகையில் அங்கே வீட்டுக் கடனே கட்டலாம், பள்ளிக்கூடமும் நல்லது. போவதில் தப்பே இல்லை. ஆனால் எச்1பி-யில் இருப்பவருக்கு ஓட்டு கிடையாது, க்ரீன் கார்டு வரிசையோ பல வருடம். அந்த மாநிலம் போடும் ஒவ்வொரு சட்டமும் அவர் மனைவியைத் தொடும், மகளைத் தொடும், அதை மாற்ற அவர் கையில் எதுவும் இல்லை. சதுர அடி விலை மட்டும் விசாரிக்கிறவர் இதையும் சேர்த்து விசாரிக்க வேண்டாமா?

போனவர் ஓட்டு என்ன ஆகும்?

கொள்கைக்காகப் போகிறவர் அந்தக் கொள்கைக்கு நன்மை செய்கிறாரா? அதுவும் சந்தேகம். 2020-ல் பைடன் கலிஃபோர்னியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜார்ஜியாவில் 12,000-க்கும் குறைவு. ஜார்ஜியாவிலிருந்து ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் "எனக்குப் பிடித்த அரசியல்" என்று கலிஃபோர்னியா போனால், அவர் ஓட்டு நிரம்பிய குடத்தில் இன்னொரு சொட்டு. விட்டுப்போன இடத்தில் ஒரு குறை. இதைத்தான் பத்திரிகையாளர் சார்ல்ஸ் ப்ளோ 2021-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களுக்குத் திரும்பிப் போய் அங்கே பெரும்பான்மை பலம் பெற வேண்டும் என்றார். தானும் அட்லாண்டாவுக்குக் குடிபோனார். வசதியான இடத்தை விட்டுத் தன் ஓட்டுக்கு வேலை இருக்கிற இடத்துக்குப் போவது. கொள்கைக் குடிபெயர்வு என்றால் இதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

டெக்ஸாஸ்காரர்களின் "கலிஃபோர்னியாக்காரன் வந்து நம் ஊரைக் கெடுக்கிறான்" புலம்பலும் ஓட்டை. 2018 செனட் தேர்தலில் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு என்ன சொன்னது? டெக்ஸாஸிலேயே பிறந்தவர்களிடம் ஜனநாயகக் கட்சியின் ஓ'ரூர்க் சற்று முன்னால். வெளியிலிருந்து வந்தவர்களிடம் குடியரசுக் கட்சியின் க்ரூஸ் நன்றாகவே முன்னால். வந்தவர்கள்தான் பழைய டெக்ஸாஸைக் காப்பாற்றினார்கள்!

ஒரு குட்டி ஊரின் கதை

கொள்கைக்காகவே திட்டம் போட்டு ஒரு மாநிலத்தில் குடியேறியவர்களும் உண்டு. 2001-ல் ஜேஸன் ஸோரன்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், அரசாங்கமே குறைவாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் 20,000 பேர் ஒரே சிறு மாநிலத்துக்குப் போகலாம் என்றார். 2003-ல் ஓட்டெடுத்து நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, விற்பனை வரி இல்லை. 2016-ல் 20,000 கையெழுத்தும் சேர்ந்தது. உண்மையில் குடிபோனவர்கள் சில ஆயிரம்தான். கையெழுத்துப் போடுவது சுலபம், வீடு மாற்றுவதுதான் கஷ்டம் :-)

அங்கே க்ராய்டன் என்று சுமார் 800 பேர் உள்ள ஊர். 2022 மார்ச்சில் வருடாந்திர ஊர்க்கூட்டம். அந்த இயக்கத்தின் வழியாக வந்து குடியேறி ஊர்ப் பொறுப்புக்கும் வந்த ஒருவர், 17 லட்சம் டாலர் பள்ளி பட்ஜெட்டை 8 லட்சமாக வெட்டத் தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். 20-க்கு 14 என்று நிறைவேறியது. மறுநாள் ஊர் விழித்துக்கொண்டது. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று பாராமல் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, மே மாதம் சிறப்புக் கூட்டம் போட்டார்கள். முடிவு 377-க்கு 2. பட்ஜெட் திரும்பி வந்தது.

அந்த 377 பேரில் ஒருவரும் தனக்குப் பிடித்த அரசியலைத் தேடி வேறு மாநிலம் போகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை தன் ஊர்க் கூட்டத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

"அப்போ யாரும் ஊர் மாறவே கூடாதா?" அப்படி இல்லை. 1910-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். கொலைக்கும் அவமானத்துக்கும் தப்பிப் போனவர்கள் அவர்கள். இன்றைக்கும் சட்டம் தன் உடம்புக்கே ஆபத்தாக வந்து நிற்கும்போது கிளம்புகிற பெண் இருக்கிறாள். அவர்களைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை. வாடகைக்காகப் போகிறவரும் தாராளமாகப் போகட்டும். கெட்டும் பட்டணம் சேர் என்று சும்மாவா சொன்னார்கள்? பிழைக்கப் போவதில் ஒரு கேவலமும் இல்லை.

கேள்வி எல்லாம், விலையைப் பார்த்துப் போய்விட்டு அதற்குக் கொள்கை என்று ரசீது கேட்கிறவரிடம்தான். போன ஊரில் பள்ளி பட்ஜெட் கூட்டம் என்றைக்கு, பக்கத்து மனையில் அடுக்குமாடி வந்தால் கையைத் தூக்குவாரா ஆட்சேபம் எழுதுவாரா, அந்த ஊர்க் கொத்தனாருக்குக் கூலி எவ்வளவு... இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தால் அவர் கொள்கைக்காரர். இல்லாவிட்டால் அவர் வீடு மாற்றினார். லாரி வாடகையோடு கணக்கு முடிந்தது.

கொசுறு: சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் ஃப்ளோரிடாவில், 2023-ல் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டாளர் யார் தெரியுமா? மாநில அரசு உண்டாக்கிய சிட்டிசன்ஸ் நிறுவனம். புயலுக்குப் பயந்து தனியார் கம்பெனிகள் பின்வாங்க, 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலிசிகள் அங்கே வந்து சேர்ந்தன. வருமான வரி இல்லாத மாநிலம் என்று குஷியாகப் போனவர்கள் பிரீமியம் ரசீதையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.