எட்டங்குலச் சதுரம் யாருக்காக?

இந்நாட்டில் தமிழ் நூல் வெளியிடுவோரிற் பெரும்பாலோர் சொந்தப் பணத்தைச் செலவிட்டே அதனைச் செய்கின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. சம்பளத்தின்மீது கடன் எடுத்தும், வீட்டு நகையை அடகு வைத்தும் அச்சகப் படியேறியவர்கள் நம்மிடையே பலர். அத்தகையோரை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால், அவ்வாறு தேடிய பணத்தில் வாங்கிய தாளின் பெரும்பங்கை அச்சகத்தின் கழிவுக் குவியலிற் சேர்த்துவிட்டு, மிகுதிக்கு விலை வைத்து மாணவனிடம் நீட்டுவதைக் கண்டிக்காமல் இருக்க முடியாது.

நூலின் பக்க அளவையே கூறுகிறேன். இதுவும் ஓர் இலக்கியப் பிரச்சினையா என்று சில நண்பர்கள் நகைக்கக்கூடும். நூல் யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது என்பதைத் தீர்மானிக்கும் எதுவும் இலக்கியப் பிரச்சினையே.

அண்மைக் காலத்தில் நம் கவிஞர்களைப் பற்றியிருக்கும் மோகம் சதுர நூல். எட்டங்குல நீளம், எட்டங்குல அகலம், நடுவே ஏழு வரிகள், சுற்றிலும் வெறுந்தாள். வெறுமையும் கவிதையின் ஓர் அங்கமே என்று அதற்கு விளக்கமும் தருகின்றனர். விளக்கம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். இரட்டை டெமி எனப்படும் அச்சுத்தாள் 23 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்டது. அதை மடித்து ஓரம் வெட்டினால், ஐந்தரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலமான டெமி நூலுக்கு 16 இதழ்கள், அதாவது 32 பக்கங்கள் கிடைக்கும். தாளிற் பத்திலொரு பங்களவே கழிவு. அதே தாளில் எட்டங்குலச் சதுரம் எட்டே இதழ்களைத் தரும்; பக்கங்கள் 16. தாளின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டி எறியப்படும். 128 பக்க நூலொன்றை 300 பிரதிகள் அச்சிட, டெமிக்கு 1,200 தாள். சதுரத்துக்கு 2,400 தாள்! டிஜிட்டல் முறையில் ஐம்பது பிரதி அச்சிடுவோரும் தப்பமுடியாது. 13 அங்குலத்துக்கு 19 அங்குலமான தாளின் ஒரு முகத்தில் டெமிப் பக்கம் நான்கு அமையும், சதுரம் இரண்டுதான்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வினாத்தாளுக்கே தாளின்றித் தவித்த நாட்டில் இவ்வளவைக் கழித்தெறிவதற்குப் பெயர் அழகியலா?

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? நூலின் அளவை வாசகன் தீர்மானிப்பதில்லை, வெளியீட்டு மேடை தீர்மானிக்கிறது. சிறப்புப் பிரதி பெறும் பிரமுகர் அதை மார்போடு அணைத்துப் புகைப்படத்துக்கு நிற்கவேண்டும்; அவர் நீட்டும் கடித உறையின் கனத்துக்கேற்ப நூலும் பெரிதாகத் தோன்றவேண்டும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உயர்தர வகுப்பு மாணவி விலையைப் பார்த்து நூலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போவது மேடைக்குத் தெரிவதில்லை. அவள் பின்னர் இரவல் பெற்றுப் பிரதி எடுப்பாள். அங்கும் சதுரம் அவளை விடுவதில்லை. டெமி நூலை விரித்துவைத்தால் இரு பக்கங்களும் ஓர் ஏ4 தாளில் ஓரம் மட்டும் சற்றுக் குறைந்து பதியும். விரித்த சதுரமோ பதினாறங்குலம். பக்கத்துக்கொரு முகம் வேண்டும், காசும் இரட்டிப்பு.

சிறிய நூல் மலினமானது என்பார்க்கு ஒன்று சொல்லலாம். 1935இல் அலன் லேன் பென்குயின் நூல்களை ஆறு பென்சுக்கு விற்றபோது அவற்றின் அளவு 111 மில்லிமீற்றருக்கு 181 மில்லிமீற்றர். சட்டைப் பைக்குள் அடங்குவது. அவற்றை மலினம் என்று எந்த வாசகன் ஒதுக்கினான்?

அதற்காக எல்லாவற்றையும் பைக்குள் அடக்கச் சொல்லவில்லை. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. குறுகிய பக்கத்தில் இருபுறமும் ஒழுங்குபடுத்திக் கோத்தால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும், கண் இடறும். ஆகவே நாவலுக்கும் கட்டுரைக்கும் டெமியே தகும். அதற்குக் குறைந்தால் பக்கங்கள் பெருகுமேயன்றிச் செலவு குறையாது. கவிதையின் நிலை வேறு. அதன் வரிகள் பாதியிலேயே முடிவதால் அகலம் வீண். இருபதங்குலத்துக்கு முப்பதங்குலமான இரட்டைக் கிரவுன் தாளும் 32 பக்கங்களையே தரும். டெமியைவிடத் தாள் நாலிலொரு பங்குக்கு மேல் குறைவு. தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதுகுப்புற ஓரத்தைக் கடிக்கும் அச்சகங்களும் உண்டு. பசையால் ஒட்டிய நூலுக்கு அங்கே முக்கால் அங்குலமாவது விடாவிட்டால், மாணவன் எழுத்தைத் தேடி நூலை முறிப்பான். இதழ் இதழாக உதிரும்.

ஓவியத் தொகுப்புக்குச் சதுரம் வேண்டாமா என்று கேட்கலாம். ஓவியம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஏழு வரிக் கவிதை அதைக் கேட்கவில்லை.