விற்கத் தெரியாத வெண்பட்டு

தீபாவளி நெருங்குகிறது என்பதைச் சேலத்துக் கடைவீதிக்காரர்கள் பட்டாசுச் சத்தத்தால் அறிவதற்கு முன்னரே, கோ-ஆப்டெக்ஸ் வாசலில் தொங்கும் ‘30 சதவீதத் தள்ளுபடி’ என்ற பதாகையால் அறிந்துவிடுகிறார்கள். இவ்வாண்டும் அது தொங்குகிறது. 1935-இல் நெசவாளரின் க்ஷேமத்துக்காகத் தோன்றிய அந்த ஸ்தாபனத்தின்மீது எனக்கு விரோதம் ஏதுமில்லை. ஆயினும், ஒரு பண்டத்தின் குணத்தை எடுத்துச் சொல்லி விற்பதை விட்டு, அதன் விலையைக் குறைத்துச் சொல்லியே விற்பது நெசவாளருக்குச் செய்யும் மகா உபகாரம் என்று கருதப்படுவதைக் கண்டு மௌனமாயிருக்க முடியவில்லை.

சேலத்தின் குகைப் பகுதியிலோ அம்மாபேட்டையிலோ நெய்த ஒரு வெண்பட்டு வேட்டியின் விலை 3,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தள்ளுபடி 900 ரூபாய். ஆயிரம் வேட்டிக்கு 9 லட்சம். துணியின் லக்ஷணம் அறிந்த இரண்டு மூன்று இளைஞர்களுக்கு ஓராண்டுச் சம்பளமும் ரயில் கட்டணமும் கொடுத்து, மாதிரிப் பெட்டியுடன் பம்பாய்க்கும் டில்லிக்கும் அனுப்ப அது போதும். ஆனால் நாம் அத்தொகையைக் கொண்டு, ‘இன்று வாங்காதே, பண்டிகை வரட்டும்’ என்று வாடிக்கையாளருக்குப் பாடம் கற்பிக்கிறோம்.

இவ்விஷயத்தில் அயர்லாந்தைப் பார்க்க வேண்டும்; நான் எப்போதும் அயர்லாந்தைப் பற்றியே பேசுவதாக நண்பர்கள் பரிகசித்தாலும் சரி. அங்கே 1711-லேயே லினன் வாரியம் ஒன்று நிறுவி, துணியின் நீளத்தையும் அகலத்தையும் தரத்தையும் பரீக்ஷித்து முத்திரையிட ஏற்பாடு செய்தார்கள். பெல்ஃபாஸ்ட் வியாபாரிகள் டப்ளினை நம்பியிராமல், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் தங்களுக்கென ஒரு லினன் மண்டபத்தையே எழுப்பிக்கொண்டார்கள். இன்று அந்நகரத்தின் மாநகராட்சி மாளிகை நிற்பது அம்மண்டபம் இருந்த இடத்தில்தான். 1828-இல் வாரியம் கலைந்தது; பெயர் கலையவில்லை. 1928-இல் உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி, ‘ஐரிஷ் லினன்’ என்ற பெயரை உலகெங்கும் பரப்புவதையும் போலிகளிடமிருந்து காப்பதையுமே தொழிலாகக் கொண்டார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் மேஜை விரிப்பும் கைக்குட்டையும் அந்தப் பெயரால் விற்றன. லினன் விற்பது அங்கே ஒரு கௌரவமான ஜீவனோபாயம்.

நமக்கோ விற்பனை என்றால் இளக்காரம். நெய்பவர் கலைஞர், அதிகாரி ரக்ஷகர், விற்பவர் மட்டும் தரகர்!

‘வெண்பட்டுக்குப் பட்டு நூலே கர்நாடகத்திலிருந்து வருகிறது, அதற்கு ஊர்ப்பெயர் எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். இன்றைய ஐரிஷ் லினனுக்கு வேண்டிய ஆளிச் செடியின் நாரும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் விளைந்து வருவதுதான். ‘தள்ளுபடியை எடுத்தால் சரக்கு தேங்கும்’ என்பாரும் உண்டு. தள்ளுபடி இருக்கும்போதே தேங்குகிறதே, அதற்கு என்ன சமாதானம்? இவர்களோடு மேலும் வாதிப்பது காலவிரயம். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும், சேலம் வெண்பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இருந்தும், கல்யாணத்துக்கு வேட்டி எடுக்க வருகிறவரிடம் விசைத்தறி வேட்டிக்கும் கைத்தறி வேட்டிக்கும் உள்ள பேதத்தைப் பிரித்துக் காட்ட ஒரு மனிதன் இல்லை.

இது நமக்குப் புதிய வித்தையும் அன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தை நிறுவிய ராஜாஜி, கதரைக் கிராமத்தின் ஜீவாதாரமாக்க முனைந்தார். காங்கிரஸில் இருந்த நாள்களில் ஈரோட்டுப் பெரியார், செல்வந்தராயிருந்தும், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். பின்னாளில் அவ்விருவரும் எவ்வளவோ விஷயங்களில் மாறுபட்டார்கள். துணியைச் சுமந்துகொண்டு ஜனங்களிடம் போகவேண்டும் என்பதில் மாறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, சேலத்துக் கைத்தறி அழிகிறதென்றால் அதற்கு விசைத்தறி காரணமன்று, நூல் விலையும் காரணமன்று. விற்பவர் இல்லாமையே காரணம். 1960 முதல் தறி நுட்பமும் சாய நுட்பமும் கற்பிக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் சேலத்திலேயே இருக்கிறது. அங்கே கைத்தறி விற்பனைக்கென்றே ஓராண்டு வகுப்பு ஒன்றைத் தொடங்கட்டும். அடுத்த தீபாவளிக்கு அந்தப் பதாகையை இறக்கிவிட்டு, வேட்டிக்கு 900 ரூபாயை விற்கப் புறப்படும் பிள்ளைகளின் வழிச்செலவுக்கு அரசாங்கம் கொடுக்கட்டும்.